சர்க்ளிப் பிளேயர் வாங்கும் முன் வளையத்தை அளந்துகொள்ளுங்கள்

பைக்கின் முன் டிஸ்க் பிரேக் கொஞ்ச நாளாகவே சரியில்லை. லிவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே போகிறது. மாஸ்டர் சிலிண்டர் கிட் வாங்கி நாமே மாற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்கிறீர்கள். லிவரைக் கழற்றியாயிற்று, ரப்பர் பூட்டையும் உருவியாயிற்று. உள்ளே எட்டிப் பார்த்தால், கட்டைவிரல்கூட நுழையாத ஓட்டைக்குள், சற்று ஆழத்தில், இரண்டு சின்னத் துளைகளோடு ஒரு கறுப்பு வளையம் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்காமல் பிஸ்டன் வெளியே வராது. நோஸ் பிளேயர் உள்ளே போகவில்லை. திருப்புளியால் நெம்பினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பயப்படுவது சரிதான். அந்தச் சுவரில் ஒரு கோடு விழுந்தால் புது ரப்பர் போட்டும் ஆயில் கசியும்.

அந்த வளையத்தின் பெயர் சர்க்ளிப். வண்டி வேலை வீடியோக்களில் அமெரிக்கர்கள் ஸ்நாப் ரிங் என்பார்கள், ஜெர்மன்காரர்கள் சீகர் ரிங் என்பார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் சர்க்ளிப் என்றோ சும்மா லாக் என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் கழற்றும் கருவிதான் சர்க்ளிப் பிளேயர்.

நான் முதன்முதலில் வாங்கியது தலையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் நாலு தலை செட். பெயர் சொல்லும்படியான கம்பெனி இல்லை. பார்க்க அழகாக, சிவப்புப் பிடியோடு, அட்டைப்பெட்டியில் இருந்தது. மூன்றாவது முறை பயன்படுத்தும்போது ஒரு முனை வளைந்தது. அதை நேராக்கப் பார்த்தேன், உடைந்தது. உடைந்த துண்டு நேராக மாஸ்டர் சிலிண்டருக்குள் விழுந்தது. காந்தக் குச்சி கடன் வாங்கி அதை வெளியே எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஒன்று புரிந்தது: இந்தக் கருவியில் நாம் காசு கொடுப்பது அந்த இரண்டு முனைகளுக்குத்தான். பிடி, பெட்டி, எத்தனை தலை என்பதெல்லாம் அப்புறம்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் இதைத் தொடப்போகிற வீட்டு மெக்கானிக்குக்காக இதை எழுதுகிறேன். தினமும் கியர்பாக்ஸ் பிரிப்பவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில்: உங்கள் வளையம் எந்த ரகம்?

கடைக்குப் போவதற்கு முன் வளையத்தை நன்றாகப் பாருங்கள். முக்கியமாக இரண்டு ரகம். ஓட்டைக்குள் உட்கார்ந்து, உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுப்பது இன்டர்னல் சர்க்ளிப். பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் இருப்பதும், பல கார்களில் முன்சக்கர ஹப் பேரிங்கைப் பிடித்துவைத்திருப்பதும் இதுதான். இதன் காதுகள், அதாவது துளை உள்ள முனைகள், வளையத்தின் உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தண்டின் மேல் ஏறி உட்கார்ந்து, அதில் மாட்டியிருக்கும் பொருள் நழுவாமல் தடுப்பது எக்ஸ்டர்னல் சர்க்ளிப். கிக்கர் ஷாஃப்ட், கியர் ஷாஃப்ட் போன்ற இடங்களில் இதைப் பார்க்கலாம். இதன் காதுகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டுக்கும் பிளேயர் வேறு. இன்டர்னல் பிளேயரின் பிடியை அழுத்தினால் முனைகள் ஒன்றுக்கொன்று நெருங்கும், வளையம் சுருங்கி ஓட்டையை விட்டு வெளியே வரும். எக்ஸ்டர்னல் பிளேயரின் பிடியை அழுத்தினால் முனைகள் விலகும், வளையம் விரிந்து தண்டை விட்டுக் கழலும். கடையில் குழப்பம் வந்தால் பிடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கட்டிங் பிளேயர் மாதிரி மூடினால் இன்டர்னல், தலைகீழாகத் திறந்தால் எக்ஸ்டர்னல். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைவிட இது நம்பகமானது.

இந்தப் பிளேயரே தேவைப்படாத வளையங்களும் உண்டு. தெரியாமல் வாங்கிவிட்டு வருத்தப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டர் நீடிலில் இருக்கும் குட்டி வளையம் ஆங்கில ‘ஈ’ எழுத்து மாதிரி இருக்கும், துளை இருக்காது. அதைச் சின்னத் திருப்புளியால் பக்கவாட்டில் தள்ளினாலே கழன்றுவிடும் (கழன்று எங்கே போனது என்பது வேறு கதை). பிஸ்டன் பின்னின் இரு ஓரத்திலும் பல வண்டிகளில் இருப்பது வெறும் கம்பி வளையம். அதற்குக் கூர்மையான நோஸ் பிளேயர் போதும். முன் ஃபோர்க்கில் ஆயில் சீலுக்கு மேலே இருப்பதும் பெரும்பாலும் கம்பி லாக்தான், மெல்லிய திருப்புளியால் நெம்பி எடுப்பார்கள். சில கார் கியர்பாக்ஸ்களில் துளையே இல்லாமல், வெறும் சாய்ந்த முனைகளோடு ஒரு தடித்த வளையம் இருக்கும். அதற்கென்று பல் வெட்டிய தட்டை முனையுள்ள தனிப் பிளேயர் இருக்கிறது. சாதாரண சர்க்ளிப் பிளேயரை அதில் வைத்தால் வழுக்கும். ஆக, இரண்டு துளை தெரிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்து: அளவு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்

ஹார்டுவேர் கடையில் போய் ‘சர்க்ளிப் பிளேயர் கொடுங்க’ என்றால் பெரும்பாலும் கையில் வருவது 7 அங்குலப் பிளேயர். அதுதான் அதிகம் விற்பது. நாமும் பெரிசாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து வாங்கி வந்துவிடுவோம். வீட்டுக்கு வந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் விட்டால் முனை அந்தத் துளைக்குள் போகாது. ஏன் என்று பார்ப்போம்.

சர்க்ளிப்புகளுக்கு அளவுத் தரம் உண்டு. தண்டின் மேல் ஏறுபவை ஜெர்மன் தரத்தில் டின் 471, ஓட்டைக்குள் போகிறவை டின் 472. இந்தியத் தரத்தில் ஐஎஸ் 3075. தண்டு அல்லது ஓட்டையின் விட்டம் கூடக் கூட வளையத்தின் தடிமனும், காதுத் துளையின் அளவும் கூடும். 12 மி.மீ. ஓட்டைக்குப் போகும் வளையத்தில் காதுத் துளை சுமார் 1.5 மி.மீ. தான். 35 மி.மீ. ஓட்டைக்குப் போகும் வளையத்தில் அது சுமார் 2.5 மி.மீ. இதற்கேற்பப் பிளேயர்களையும் அளவு பிரித்துச் செய்கிறார்கள். இன்டர்னல் பிளேயரில் வழக்கமான பிரிவு இப்படிப் போகும்: ஓட்டை 8 முதல் 13 மி.மீ. வரைக்கும் 0.9 மி.மீ. முனை, 12 முதல் 25 வரைக்கும் 1.3 மி.மீ. முனை, 19 முதல் 60 வரைக்கும் 1.8 மி.மீ. முனை, 40 முதல் 100 வரைக்கும் 2.3 மி.மீ. முனை. எக்ஸ்டர்னலில் முதல் இரண்டு மட்டும் 3 முதல் 10, 10 முதல் 25 என்று இருக்கும். மற்றவை அப்படியே.

நீளத்தை வைத்துச் சொன்னால் 12-25 பிரிவு கிட்டத்தட்ட 5 அங்குலத்துக்குச் சற்று மேல், 19-60 பிரிவு 7 அங்குலம், 40-100 பிரிவு 9 அங்குலம். கடைக்காரர் தரும் 7 அங்குலப் பிளேயரின் முனை 1.8 மி.மீ., உங்கள் வளையத்தின் துளையோ ஒன்றரை. எப்படிப் போகும்? அதைப் போகவைக்க முனையை அரத்தால் ராவி மெல்லிசாக்குவார்கள் சிலர். ராவிய முனை அடுத்த வேலையில் உடையும்.

அதனால் முதலில் வெர்னியர் காலிப்பரால் ஓட்டையையோ தண்டையோ அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியர் இல்லாவிட்டால் பேரிங் எண் உதவும். 6202 பேரிங்கின் வெளிவிட்டம் 35 மி.மீ., 6301 என்றால் 37, 6203 என்றால் 40. அந்த பேரிங் உட்கார்ந்திருக்கும் ஓட்டைக்கும் அதே அளவு வளையம்தான். கார் முன்சக்கர ஹப் பேரிங் பல கார்களில் 60 மி.மீ.யைத் தாண்டும், வளையமும் தடியாக இருக்கும். அதற்கு 7 அங்குலம் திணறும், 9 அங்குலம் வேண்டும். ஆனால் ஹப் பேரிங்கை அழுத்தி இறக்க எப்படியும் பிரஸ் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்தப் பட்டறையிலேயே பெரிய பிளேயர் இருக்கும். அதற்காக நீங்கள் 9 அங்குலம் வாங்குவது வீண்.

என் கணக்கில், பைக்கும் வீட்டுச் சாமான்களும் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பிளேயர் போதும். 12-25 அளவில் நேர்முனை இன்டர்னல் ஒன்று, 10-25 அளவில் நேர்முனை எக்ஸ்டர்னல் ஒன்று. அதிலும் முதலில் வாங்க வேண்டியது எது என்றால், இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கிற வளையத்துக்கு உரியது. மற்றது தேவைப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். சேர்த்து வாங்கினால் மலிவு என்று செட்டுக்குப் போகாதீர்கள். செட்டில் வரும் நாலும் பெரும்பாலும் ஒரே 7 அங்குலம். இன்டர்னல் நேர், இன்டர்னல் வளைவு, எக்ஸ்டர்னல் நேர், எக்ஸ்டர்னல் வளைவு. ஒரே அளவில் நாலு வடிவம் உங்களுக்கு எதற்கு?

நேர்முனையா, வளைந்த முனையா?

ஆழமான ஓட்டைக்குள் இருக்கும் வளையத்துக்கு நேர்முனை. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வளைந்த முனை அங்கே சுவரில் முட்டும். 90 டிகிரி வளைந்தது எங்கே உதவும் என்றால், நீளமான தண்டின் நடுவில் வளையம் இருந்து, தண்டின் மிச்சப்பகுதி பிளேயருக்கு வழிவிடாதபோது. கியர்பாக்ஸ் ஷாஃப்டுகளில் இப்படி இருக்கும். பக்கவாட்டில் வந்து பிடிக்க வளைந்த முனைதான் வசதி. 45 டிகிரியும் உண்டு. அதைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டிய வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஒரு விஷயம்: வளைந்த முனையில் அழுத்தம் கொடுத்தால் பிளேயர் கையிலேயே சாயப் பார்க்கும். பழகாத கைக்கு வளையம் தெறிப்பது இதில்தான் அதிகம். புதியவர் நேர்முனையில் பழகுவது நல்லது.

தலை மாற்றும் செட்டுகள், இரட்டைப் பயன் பிளேயர்கள்

ஒரே பிடியில் ஆணியை இடம் மாற்றினால் இன்டர்னல் எக்ஸ்டர்னல் ஆகிவிடும் என்று ஒரு ரகம் வருகிறது. முனைகளை மட்டும் திருகிக் கழற்றி மாற்றும் ரகமும் உண்டு. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், நல்ல தயாரிப்பாளர்களும் மாற்றுமுனைப் பிளேயர் செய்கிறார்கள். ஆனால் மலிவு ரகத்தில் குறை எங்கே வரும் என்று பாருங்கள். இணைப்பு அதிகமாக அதிகமாக ஆட்டம் கூடும். பிளேயரின் நடு ஆணியில் ஒரு நூல் அளவு ஆட்டம் இருந்தாலும், முனையில் அது பெரிதாகத் தெரியும். இரண்டு முனையும் ஒரே தளத்தில் நிற்காமல் ஒன்று மேலே ஒன்று கீழே என்று போய்விடும். வளையம் முறுக்கிக்கொண்டு, ஒரு காது முதலில் நழுவி, மறு காது ஸ்பிரிங் மாதிரி உதறும். கண்ணுக்கு வருவது அப்போதுதான்.

எந்த பிராண்ட்?

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில் நாசிக்கில் தயாராகும் தபாரியா எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சில நூறு ரூபாயில் ஒரு பிளேயர் கிடைத்துவிடும். வருஷத்துக்கு மூன்று முறை வேலைக்கு இதற்கு மேல் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நல்ல கருவி மேல் ஆசை உள்ளவர்கள் நிப்பெக்ஸ் பார்க்கலாம். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1882 முதல் இருக்கும் கம்பெனி. விலை ஆயிரங்களில் போகும். அவர்களுடைய துல்லிய ரகப் பிளேயரில் முனை தனி எஃகுக் கம்பியால் செய்து உடம்பில் அழுத்திப் பதித்திருக்கும். உடம்பிலிருந்தே கடைந்து எடுக்கிற முனையைவிட அது அதிக வளைவைத் தாங்கும். வளையத்தை அளவுக்கு மேல் விரிக்காமல் தடுக்கும் திருகு உள்ள வகையும் அதில் உண்டு. புதியவர் செய்யும் பெரிய தவறே அளவுக்கு மேல் விரிப்பதுதான், அதனால் அந்தத் திருகு விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனாலும் முதல் பிளேயருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் அளவு பிரித்துக் காட்டுவார்கள். வண்டிச் சாமான் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போகிறவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். சின்ன ஊரில் 5 அங்குலம் கிடைக்காமல் போகலாம். அப்போது இணையத்தில் வாங்குவதில் தப்பில்லை. விவரத்தில் முனையின் அளவோ, எந்த விட்டத்திலிருந்து எந்த விட்டம் வரை என்பதோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 7 அங்குலம் என்று நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு முனை அளவைச் சொல்லாத பொருளை நான் வாங்குவதில்லை.

கடையில் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

போகும்போது உங்கள் அளவுக்கு ஒரு புது சர்க்ளிப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேரிங் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய வளையத்துக்குப் பதில் எப்படியும் அது தேவைப்படப் போகிறது.

பிளேயரை மெதுவாக மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முனைகள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அடுத்து இரண்டு பிடியையும் மேலும் கீழுமாக, பிளேயர் திறக்கும் திசைக்குக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். நடு ஆணி லொடலொடவென்று ஆடினால் அப்படியே திருப்பி வைத்துவிடலாம். ஸ்பிரிங் உள்ளது என்றால் பிடியை விட்டதும் தானாகத் திரும்ப வேண்டும், பாதியில் சிக்கி நிற்கக் கூடாது.

முனையின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். அது சின்ன உருளை மாதிரி, கடைசி வரை ஒரே தடிமனில், நுனி தட்டையாக இருக்க வேண்டும். பென்சில் சீவின மாதிரி கூம்பாகப் போனால் வளையம் அந்தச் சரிவில் ஏறி வழுக்கிவிடும். மலிவுப் பிளேயர்களில் நான் அதிகம் பார்த்த குறை இதுதான்.

பிறகு கொண்டுவந்த வளையத்தில் மாட்டிப் பாருங்கள். துளைக்குள் முனை தொளதொளவென்று ஆடக் கூடாது, அடித்துத் திணிக்கவும் கூடாது. முனை வளையத்தின் தடிமன் முழுவதையும் கடந்து உட்கார வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, வளையத்தைக் கொஞ்சமாக ஐந்தாறு முறை அழுத்தி விடுங்கள். கழற்றிய பின் முனைகளை மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். இம்மியளவு வளைந்திருந்தாலும் எஃகு மட்டம். இவ்வளவையும் செய்ய விடாத கடைக்காரரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. கருவி விற்கிற நல்ல கடைக்காரர் இதைத் தப்பாக நினைக்க மாட்டார், பெரும்பாலும் தானே இன்னொரு பிளேயரை எடுத்து நீட்டுவார்.

கழற்றும்போது

கண்ணாடி போடுங்கள். மூக்குக்கண்ணாடி இல்லை, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. சர்க்ளிப் ஸ்பிரிங் எஃகில் செய்தது. நழுவினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

வளையத்தின் துளைகளில் அழுக்கும் துருவும் அடைத்திருக்கும். முனை முழுதாக உள்ளே போகாததற்குப் பாதிக் காரணம் அதுதான். தையல் ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வெளிப்பக்கத்து வளையமாக இருந்தால் துரு இளக்கும் எண்ணெய் அடித்துப் பத்து நிமிஷம் விடலாம். பிரேக் சிலிண்டரில் மட்டும் அந்த எண்ணெயைக் காட்டாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். அங்கே பிரேக் கிளீனரோ பிரேக் ஆயிலோதான். பிரேக் ஆயில் பெயின்டை உரித்துவிடும் என்பதால், சுற்றிலும் ஈரத்துணி போர்த்துங்கள், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வளையம் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளேயரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை அதன் மேல் வைத்து லேசாகத் தட்டி, அதன் குரூவுக்குள்ளேயே, அதாவது அது உட்கார்ந்திருக்கும் காடிக்குள்ளேயே, அசையவையுங்கள். ஒருமுறை அசைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மாஸ்டர் சிலிண்டரில் வளையத்துக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு பிஸ்டன் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் இருக்கும்வரை வளையம் குரூவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும். ஒரு கையில் மழுங்கிய குச்சி ஒன்றால் பிஸ்டனைக் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொண்டு, மறு கையால் பிளேயரைப் பிடியுங்கள். மூன்றாவது கை வேண்டும் என்று தோன்றும். வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். சிலிண்டரைக் கழற்றி மேசை மேல் வைத்துச் செய்தால் இன்னும் சுலபம்.

முனைகளை முழுதாக நுழைத்து, பிளேயரைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, வளையம் குரூவை விட்டு வரத் தேவையான அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். வளையமும் கையும் சேர்ந்து மூடும்படி மேலே ஒரு பனியன் வேஸ்ட் போட்டுக்கொண்டால் நழுவினாலும் துணிக்குள்தான் விழும். சின்ன பாகம் என்றால் முழுதாக ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டே கழற்றலாம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். மோட்டார் ஷெட்டில் டார்ச் அடித்து வளையம் தேடியவன் சிரிக்க மாட்டான்.

பூட்டும்போது

பழைய வளையம் நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பப் போடும் ஆசை வரும். கழற்றும்போது கொஞ்சமாவது கூடுதலாக விரிந்தோ சுருங்கியோ இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. பிரேக்கிலும் பிஸ்டன் பின்னிலும் புதிது தவிர வேறு எதுவும் போடக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் கிட் வாங்கும்போதே அதில் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புது வளையத்தின் இரண்டு பக்கத்தையும் விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சில் வெட்டிச் செய்வதால் ஒரு பக்கத்து ஓரம் மழுங்கியும் மறுபக்கத்து ஓரம் கூராகவும் இருக்கும். எந்தப் பொருளைத் தடுத்து நிறுத்துகிறதோ அந்தப் பக்கம் மழுங்கிய ஓரம் வர வேண்டும். கூரான ஓரம் குரூவின் சுவரில் போய் உட்கார்ந்துதான் பாரம் தாங்கும். திருப்பிப் போட்டால் பாரம் வரும்போது மழுங்கிய ஓரம் குரூவை விட்டு ஏறி நழுவப் பார்க்கும். சர்வீஸ் மேனுவல்களில் இதைச் சொல்லியிருப்பார்கள், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. பல் வெட்டிய ஸ்பிளைன் தண்டாக இருந்தால் வளையத்தின் திறப்பு பல்லுக்கு நேரே வராமல், பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்கு நேரே வரும்படி வையுங்கள். பிஸ்டன் பின் லாக்கில் திறப்பு பிஸ்டனில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேரே வரக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறானவை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்ததும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதை மட்டும் நம்பாதீர்கள். டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள், வளையம் முழுதும் குரூவுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பிளேயர் முனையை ஒரு துளையில் வைத்து வளையத்தைச் சற்றுச் சுழற்றுங்கள். சற்று இறுக்கத்தோடு சுழன்றால் சரி. சுழலவே இல்லையென்றால் எங்கோ ஓரமாக ஏறி நிற்கிறது. காற்றில் விட்ட மாதிரி தொளதொளவென்று சுழன்றால் விரிந்தோ சுருங்கியோ போன வளையம், மாற்றுங்கள். பிரேக்காக இருந்தால் புது ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, லிவர் கல் மாதிரி நிற்கும் வரை வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள்.

பிளேயரைத் துடைத்து, நடு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முனைகள் எதன் மேலும் மோதாதபடி வையுங்கள். பழைய ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி முனைகளில் மாட்டிவிட்டால் போதும். அதை வைத்துப் பின் இழுப்பது, கம்பி வளைப்பது எல்லாம் கூடாது. வீட்டில் மற்றவர்கள் நோஸ் பிளேயர் என்று நினைத்து எடுத்துவிடுவார்கள், அதனால் என்னுடையது தனி டப்பாவில் இருக்கிறது. கழற்றிய பழைய வளையங்களும் அதே டப்பாவில்தான், ஒவ்வொன்றிலும் எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மி.மீ. என்று எழுதிய சீட்டைக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை பேரிங் கடைக்குப் போகும்போது அந்த வளையத்தை எடுத்து நீட்டினால் போதும், அளவு சொல்ல வேண்டியதில்லை.